தும்பை அவிழ்க்க எவ்வளவு நேரம்?



மாசி பிறந்ததும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வைக்கோல் லாரிகள் வர ஆரம்பித்துவிடும். பவானி லட்சுமி நகர் பைபாஸில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். நாலு பக்கமும் வைக்கோல் பிதுங்கி, லாரியின் உடம்பே தெரியாது. டெல்டாவில் சம்பா அறுப்பு முடிந்த கையோடு அங்கே கட்டிய கட்டுகள் இங்கே நம் கட்டுத்தரைகளுக்கு வந்து சேர்கின்றன. மேட்டாங்காட்டுக்காரர்களுக்குச் சோளத்தட்டு இருக்கிறது. அது இல்லாதவர்களுக்குக் கோடை முழுக்க இந்த வைக்கோல்தான் கதி.

இதே நாட்களில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தியும் தவறாமல் வந்துவிடும். மின்கம்பி உரசி வைக்கோல் லாரி எரிந்தது, டிரைவர் குதித்துத் தப்பினார், தீயணைப்பு வண்டி வந்தது. படிக்கிறோம், அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம். அந்த லாரியில் எரிந்த அதே வைக்கோலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடு கட்டியிருக்கும் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போர் போடுகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

இது கால்நடைச் சிறப்பிதழ். கறவை மாட்டுக் கடன், மடிநோய், கோழித் தீவன விலை என்று நீங்கள் கேட்டு எழுதியவை எல்லாம் உள்ளே இருக்கின்றன. யாரும் கேட்டு எழுதாத ஒன்றை இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொள்கிறேன். கட்டுத்தரையிலும் கோழிக் கொட்டாயிலும் பிடிக்கிற தீ.

முதலில் தொலைதூரத்துச் சம்பவம் ஒன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டிம்மிட் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் சவுத் ஃபோர்க் என்ற பால் பண்ணை. 2023 ஏப்ரல் 10-ஆம் தேதி சாயங்காலம் அங்கே தீப்பிடித்து வெடித்தது. கரும்புகை பல மைலுக்குத் தெரிந்தது. உள்ளே சிக்கிய ஒரு பெண் தொழிலாளியை ஆபத்தான நிலையில் மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாடுகள் சுமார் 18,000 செத்தன. நம் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை வருகிற மாடுகள் நூற்றுக்கணக்கில்தான். பல மாதச் சந்தை மாடுகளை ஒரே கூரையின் கீழ் நிறுத்தினால் வருகிற கூட்டம் அது. பால் கறவைக்கு வரிசையில் காத்திருந்தவையும் அதில் உண்டு. அமெரிக்காவில் விலங்கு நல அமைப்பு ஒன்று 2013 முதல் பண்ணைத் தீ விபத்துகளைக் கணக்கெடுத்து வருகிறது. மாடுகளைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் இதுதான் பெரியது.

அடுத்த சில நாளில் வதந்தி கிளம்பிவிட்டது. உணவுத் தொழிற்சாலைகளும் பண்ணைகளும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக எரிவதாகவும், இதற்குப் பின்னால் யாரோ இருப்பதாகவும் 2022-லிருந்தே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டிம்மிட் தீ அதற்கு எண்ணெய் வார்த்தது. மக்களை இறைச்சியும் பாலும் சாப்பிடவிடாமல் செய்யச் சதி என்றார்கள். மாநிலத்தின் தீ விசாரணை அலுவலகம் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, இது விபத்துதான் என்று முடிவு சொன்னது. தொழுவத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த சாணி உறிஞ்சும் வண்டியின் எஞ்சினில் தொடங்கிய தீ. அதே மாதிரி வண்டி ஒன்று சில மாதங்களுக்கு முன்பே அந்தப் பண்ணையில் எரிந்துபோயிருந்தது என்பதும் விசாரணையில் தெரியவந்தது. சதிகாரனைத் தேடியவர்களுக்கு இது சப்பென்று போயிருக்கும். எனக்கு அந்த இரண்டாவது தகவல்தான் தூக்கிவாரிப் போட்டது. முன்னாலேயே ஒரு வண்டி எரிந்து காட்டிவிட்டது!

சதி தேடும் புத்தி டெக்சஸ்காரர்களுக்கு மட்டுமா? நம்மூரில் போர் எரிந்தால் முதல் கேள்வியே "யாரு வச்சது?" என்பதுதான். வரப்புத் தகராறு, பங்காளிப் பகை, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை, தேர்தல் விரோதம் என்று ஆள் பட்டியல் தயாராக இருக்கும். வேண்டுமென்றே வைத்த தீ இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பகைக்குப் போரைக் கொளுத்துகிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு, அதற்குப் போலீஸும் கோர்ட்டும் உண்டு. ஆனால் ஆளைத் தேடத் தொடங்கியவுடன் கண் வெளியே போய்விடுகிறது. கட்டுத்தரைக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

போன கோடையில், பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவே உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். நாலு கறவை மாடு வைத்திருந்த குடும்பம். தீயில் இரண்டு போய்விட்டன, ஒரு கிடாரிக்கு முதுகு முழுக்கக் காயம். தட்டுப்போர் இருந்த இடத்தில் கருப்பு வட்டம். அந்த அம்மா என்னைக் கட்டுத்தரைக்குள் கூட்டிப்போய் முளைக்குச்சியைக் காட்டினார். நைலான் கயிற்றின் துண்டு அதில் அப்படியே இருந்தது. நுனி உருகிக் கருகிக் கெட்டியாக இருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். மாடு வெட்டி வெட்டி இழுத்ததில் கல்லாக இறுகியிருந்தது.

"ஓடி வந்தமுங்க. ரண்டு மாட்டை அவுத்துட்டனுங்க. மூணாவது தும்பு வரவே இல்லீங்க. அருவாளைத் தேடுனா அது சாளைக்குள்ள இருக்குதுங்க" என்றார். பிறகு, "கயிறு உருகிக் கழுத்தோட ஒட்டிக்கிச்சுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, யார் வைத்திருப்பார்கள் என்று இரண்டு பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முடிச்சுதான் கண்ணுக்குள் நின்றது. தீ எதனால் பிடித்தது என்று அங்கே இன்றைக்கும் தெரியாது. மாடு ஏன் செத்தது என்று நன்றாகத் தெரியும். அவிழ்க்க வரவில்லை, அறுக்க அரிவாள் பக்கத்தில் இல்லை.

இந்த இதழில் நான் சொல்ல நினைத்தது இதுதான். தீ எப்படிப் பிடித்தது என்பது பாதிக் கேள்வி. உயிர்கள் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது மீதி. நாம் முதல் பாதியையே பேசிப் பேசி ஓய்ந்துவிடுகிறோம், அதையும் சரியாகப் பேசுவதில்லை.

தீ பிடிக்கும் வழிகளை உங்கள் தோட்டத்தில் நின்றபடியே பார்க்கலாம். மோட்டார் ரூமிலிருந்து இழுத்த வயர் ஒன்று வேப்பமரக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டு விளிம்பில் ஆணியில் மாட்டி, உள்ளே பல்புக்குப் போகும். நடுவில் இரண்டு ஜாயின்ட், அதன்மேல் டேப். மாட்டு மூத்திரத்திலிருந்தும் கோழி எச்சத்திலிருந்தும் எழும் அம்மோனியா, இருமுவதற்கு மட்டும் காரணமல்ல. ஈரத்தோடு சேர்ந்து செம்புக் கம்பியையும் ஸ்விட்சின் உள்வாயையும் அரித்துவிடும். அரித்த இடத்தில் தொடுப்பு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். சுற்றிலும் தவிட்டுத் தூசு, நூலாம்படை. எலி கடித்த வயர் வேறு. பீஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருப்போம். பீஸ் போவது ஒரு எச்சரிக்கை. அதன் வாயை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். தட்டு வெட்டும் மெஷினைப் போரை ஒட்டியே வைத்திருப்பது இன்னொரு வழக்கம். தூக்கிப் போட வசதி என்பார்கள். மோட்டார் திணறித் திணறி ஓட, நாலாபக்கமும் சருகும் தூளும் பறக்கும்.

பொழுது இறங்கினால் கொசுவுக்கு மூட்டம் போடுகிறோம். வேப்பந்தழை, வறட்டி, கொஞ்சம் உமி. மாட்டுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டியை எங்கே வைக்கிறோம்? ராத்திரி காற்று எழுந்து பொறி பறந்தால் எங்கே போய் விழும்? கரும்பு வெட்டிய காட்டில் தோகையைக் கொளுத்துகிறவர்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லிவிட்டுக் கொளுத்துவது நல்லது. தீபாவளி ராக்கெட்டையும் கோயில் நோம்பி வாணத்தையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஈரத்தோடு கட்டிய தீவனம் தானாகவே சூடேறும் என்பதைப் பலர் நம்புவதில்லை. சரியாகக் காயாத புல்லையும் தட்டையும் இறுக்கிக் கட்டி அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர் வேலை செய்யத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருந்தாலே ஆபத்து. முதலில் 50, 60 டிகிரி வரை போகும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் அதற்குமேல் வேதிமாற்றமே தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு போய், சில வாரம் கழித்துப் போரின் நடுவயிற்றிலிருந்து புகை வரும். இப்போது மெஷின் வைத்து உருளையாகக் கட்டுகிறோம். கையால் போட்ட போரைவிட இது இறுக்கம் அதிகம். மழையில் நனைந்த உருளையை அப்படியே அடுக்காதீர்கள். போர் நடுவே நீளமான கம்பியைச் சொருகி வைத்து, அவ்வப்போது உருவித் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால், தீயணைப்புக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு போரைப் பிரிக்க வேண்டியதுதான். உள்ளே காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்பதால் தனியாகப் பிரிக்கக் கூடாது.

கோழிக்கு வருவோம். 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் கோழியினம் 12 கோடிக்கு மேல், நாட்டிலேயே முதலிடம். முட்டைக் கோழிக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடமும் உடுமலையும். நம் பவானி, அந்தியூர், பெருந்துறை வட்டாரத்திலும் தோட்டத்துக்கொரு நீளக் கொட்டாய் எழுந்துவிட்டது. கறிக்கோழி ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டாயும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எரிந்தால் எது யாருடைய நஷ்டம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

குஞ்சு இறங்கிய முதல் வாரம்தான் கண்டம். சூடு வேண்டும். மார்கழிக் குளிரில் பல்பு, கேஸ் புரூடர், சில இடங்களில் கரிச்சட்டி. கீழே தேங்காய் நார்க்கழிவு, அதன்மேல் பழைய பேப்பர், சுற்றிலும் அட்டைத் தடுப்பு, பக்கவாட்டில் குளிர் புகாமல் சாக்குப் படுதா. இத்தனையும் எரியும் பொருள், நடுவில் நெருப்பு! நார்க்கழிவு லேசில் சுடர்விட்டு எரியாது. உள்ளுக்குள் கனன்று நாள்கணக்கில் புகையும், அணைந்துவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போன பிறகு எழுந்துகொள்ளும். குஞ்சுகளுக்குப் புகை தெரியாது. பயந்தால் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று குமியும். தீ தொடுவதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துவிடும். நாலு பக்கமும் மூடி ஃபேனால் காற்று விடும் இ.சி. கொட்டாயில் இது இன்னும் வேகம். கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் நுரைப்பலகை இருந்தால் அது எரியும்போது வரும் புகையே விஷம். ஃபேன் ஓடினால் தீக்குக் காற்று, நிறுத்தினால் கோழிக்குக் காற்றில்லை.

கீற்றுக் கூரையைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் நின்று பார், அப்புறம் பேசு என்பார்கள். நியாயம்தான். ஆனால் 2004-ஐ மறந்துவிடக் கூடாது. அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்தது. ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் பள்ளிக் கூரைகளில் கீற்று ஒழிந்தது. கட்டுத்தரைப் பக்கம் அந்தப் பாடம் வரவேயில்லை. கீற்றை விடவே முடியாது என்றால் வயரையாவது அதிலிருந்து பிரித்துக் குழாய்க்குள் விடுங்கள். பல்பு கீற்றைத் தொடாமல் இருக்கட்டும். ஷீட்டாக இருந்தால் மேலே வெள்ளையடித்து, பகலில் தெளிப்பான் ஓடவிட்டு, இருபக்கமும் மரம் வைத்தால் சூடு குறையும்.

பெரிய பண்ணை என்றாலே கெட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை. நாலு மாட்டுக் கட்டுத்தரையும் எரிகிறது. ஆனால் எண்ணிக்கை கூடும்போது கணக்கே வேறாகிவிடுகிறது. ஜெர்மனியின் வடகிழக்கில் ஆல்ட் டெல்லின் என்ற இடத்தில் 2021 மார்ச் 30-ஆம் தேதி பன்றிப் பண்ணை எரிந்தபோது 50,000-க்கு மேல் செத்தன, காப்பாற்ற முடிந்தது 1,300 அளவில்தான். அமெரிக்காவில் 2018 முதல் 2021 வரை பண்ணைத் தீயில் செத்தவை ஏறத்தாழ 30 லட்சம், பெரும்பகுதி கோழிகள். அங்கே குளிர்காலத்தில்தான் விபத்து அதிகம், சூடேற்றும் கருவிகளால். விலங்குகள் தங்கும் கட்டடத்துக்கென்று தீப்பாதுகாப்பு நெறி ஒன்றை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்கள் அதைச் சட்டமாக்கவில்லை. பணக்கார நாடு என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் டெல்லியை ஒட்டிய காஜியாபாத்தில், குப்பை பொறுக்குவோர் குடிசைப் பகுதியில் பிடித்த தீ பக்கத்துக் கோசாலைக்குப் பரவி 30-க்கும் மேற்பட்ட பசுக்கள் கருகின. அங்கே தீ கட்டுத்தரையில் பிறக்கவேயில்லை, வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. நம் வேலிக்கு அப்பால் என்ன குவிந்திருக்கிறது என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

மின்கம்பத்தையும் பாருங்கள். டிம்மிட் இருக்கும் அதே வட டெக்சஸில் 2024 பிப்ரவரி கடைசியில் பிடித்த காட்டுத்தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலத்தைத் தின்றது. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. காரணம், உளுத்துப்போன ஒரு மின்கம்பம் முறிந்து விழுந்தது. நம் தோட்டத்தின் மேலே தொய்ந்து தொங்கும் கம்பியைப் பற்றி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது.

இனி அந்த மீதிக் கேள்வி. அந்தக் காலத்தில் கட்டுத்தரையை ஒட்டிக் கயிற்றுக் கட்டில் போட்டு அப்பாரு படுத்திருப்பார். மாடு ஒரு மாதிரி கனைத்தாலே எழுந்துவிடுவார். இன்றைக்குச் சாளை ஒரு பக்கம், டவுன் வீடு ஒரு பக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பண்ணையில் மனிதர் வாசம் இல்லை, இருந்தாலும் ஊருக்குப் புதிதாக வந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவர். அவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே, யாருக்குப் போன் போடுவது, நம்மூர் பேரை எப்படிச் சொல்வது என்று யாராவது கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

தும்பை உருவாஞ்சுருக்காகப் போடுங்கள். ஒரு நுனியை இழுத்தால் கழல வேண்டும். நைலானை விட்டுவிட்டுப் பருத்தி, நார்க் கயிற்றுக்குத் திரும்பினால் இன்னும் நல்லது. வாசலை ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், அரிவாள் ஒன்று எப்போதும் தொங்கட்டும். அதை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஒரே வாசல் உள்ள கட்டுத்தரைக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று வைக்க வேண்டும். தீயில் மாடு வெளியே வர மறுப்பதும், அவிழ்த்துவிட்டாலும் பழகிய இடத்துக்கே திரும்பி ஓடுவதும் உண்டு. வெளியே ஓட்டியதும் வேறிடத்தில் அடைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். போருக்கும் கட்டுத்தரைக்கும் நடுவே 50 அடியாவது இருக்கட்டும். ஆனி ஆடியில் மேகாத்து அடிக்கும் நம்மூரில் போரைக் கட்டுத்தரைக்கு மேற்கே போடுவது நாமே வைத்துக்கொள்ளும் கொள்ளி. இடம் இல்லை என்பவர்கள் ஒரே பெரிய போராகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்தாவது போடுங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. தீப்பிடித்தால் முதலில் செய்வது மெயினை அணைப்பது. அணைத்ததும் கிணற்று மோட்டார் நின்றுவிடும்! ஆயிரம் அடி போர்வெல் இருந்தும் ஒரு குடம் தண்ணீர் கிடைக்காது. அதனால் கட்டுத்தரைப் பக்கத்துத் தொட்டி ராத்திரியில் நிறைந்திருக்க வேண்டும், இரண்டு வாளி அதன் மேலேயே இருக்க வேண்டும். சாயங்காலம் மாடு குடித்து முடித்ததும் மறுபடி நிரப்பிவிட்டுப் படுங்கள்.

இட்டேரியையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். இருபக்கமும் கிளுவையும் முள்ளும் வளர்ந்து மாட்டுவண்டி போகிற அகலம்தான் மிச்சம் இருக்கும். பவானியிலும் அந்தியூரிலும் தீயணைப்பு நிலையம் இருக்கிறது, கூப்பிட்டால் வருவார்கள். தார் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஹோஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

தீயில் தப்பிய மாட்டை அன்றைக்குப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், கையில் கிடைத்த மாவு மஞ்சள் எல்லாம் அப்பாதீர்கள். மடியும் காம்பும் வெந்திருந்தால் கறவை போய்விடும். குளம்புக்கு மேலே தோல் சேரும் இடம் வெந்திருந்தால், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் குளம்பே கழன்றுவிடும். புகை குடித்த நுரையீரலின் கோளாறு மறுநாள், அதற்கு மறுநாள்தான் தெரியும். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

பணம் விஷயம். அரசின் பேரிடர் நிவாரண விதியில், 2022-26 காலத்துக்கு, கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு மூன்று மாடு வரை. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100 ரூபாய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு 10,000 வரைதான். ஐயாயிரம் கோழி எரிந்தாலும் அந்தப் பத்தாயிரம்தான் என்பதைக் கொட்டாய் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். இன்சூரன்ஸ்தான் வழி. கறவை மாட்டு பாலிசிகளில் தீ விபத்து சேர்ந்திருக்கிறது. ஆனால் காதில் தோடு இல்லாவிட்டால் பணம் இல்லை. மாட்டின் படம், தோட்டு எண், பாலிசி மூன்றையும் கட்டுத்தரைக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்தாலே போதும். கோழிக் கொட்டாய்க்குக் கட்டடம், உள்ளிருக்கும் கருவிகள் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். கம்பெனிக் குஞ்சுக்குக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் தவறாமல் சூப்பர்வைசர் வந்து எடை, தீவனம், இறப்பு எல்லாம் எழுதிக்கொண்டு போகிறார். அந்த நோட்டில் வயரிங், புரூடர், தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது கதவு என்று நாலு கட்டம் கூடுதலாகப் போடுவதில் செலவு ஒன்றுமில்லை. ஈரோட்டில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தாரும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியினரும் பண்ணையாளர் வகுப்பில் தீக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டும். தும்பு போடும் விதத்தை அங்கே ஒரு மாட்டை வைத்தே காட்டலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாட்டைக் கட்டியதும், வீட்டில் யாரையாவது கைக்கடிகாரத்தோடு நிற்கச் சொல்லிவிட்டு எல்லாத் தும்பையும் அவிழ்த்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை மாடு, என்ன கயிறு, போர் எத்தனை அடி தூரம் என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். கோழி வைத்திருப்பவர்கள் மெயின் ஸ்விட்சுக்கு ஓடிப் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். வந்ததை எல்லாம் சேர்த்து, தீயணைப்புத் துறையினரின் யோசனையோடு, பங்குனி இதழில் போடுகிறோம். தீயணைப்புக்கு 101, அவசரத்துக்கு 112. இரண்டையும் கட்டுத்தரைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்